ஹெர்மன் மெல்வில்

ஹெர்மன் மெல்வில் (ஆகஸ்ட் 1, 1819 – செப்டம்பர் 28, 1891) அமெரிக்க நாவலாசிரியர், சிறுகதையாசிரியர், கவிஞர். கடல் வாழ்க்கையைக் களமாகக் கொண்ட நாவல்களுக்காக அறியப்பட்டவர். 1851-ல் வெளிவந்த 'மோபி டிக்' அமெரிக்க நாவல்களின் முதல் வரிசையில் வைக்கப்படுகிறது. 'பார்ட்டில்பி', 'பெனிட்டோ செரினோ', 'பில்லி பட்' ஆகிய குறுநாவல்களும் தொடர்ந்து வாசிக்கப்படுகின்றன. ஒரு தொழிலின் நுணுக்கமான தகவல்களையே கதையின் உடலாக ஆக்கிக்கொண்டது மெல்விலின் எழுத்துமுறை. அவர் காலத்து வாசகர்கள் அவரைக் கைவிட்டதற்கும், இறந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின் வந்தவர்கள் அவரைத் தேடி எடுத்ததற்கும் முதன்மைக் காரணம் அதுவே.

பிறப்பு, இளமை

மெல்வில் நியூயார்க் நகரில் ஆலன் மெல்வில் – மரியா கன்ஸ்வோர்ட் இணையருக்கு மூன்றாவது குழந்தையாகப் பிறந்தார். இரு வழிப் பாட்டனார்களும் அமெரிக்க விடுதலைப் போரோடு தொடர்புடையவர்கள். தந்தைவழிப் பாட்டனார் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டியவர்களில் ஒருவர். தாய்வழிப் பாட்டனார் ஸ்டான்விக்ஸ் கோட்டையைக் காத்த தளபதி. தந்தை பிரெஞ்சுத் துணிகளையும் ஆடம்பரப் பொருட்களையும் இறக்குமதி செய்து விற்றார். அத்தொழில் நொடித்தது. 1830-ல் குடும்பம் ஆல்பனி நகருக்கு இடம்பெயர்ந்தது. 1832 ஜனவரியில் தந்தை கடனோடு இறந்தபோது மெல்விலுக்கு வயது பன்னிரண்டு.

அதோடு முறையான கல்வி துண்டுதுண்டாகிவிட்டது. வங்கியில் எழுத்தர், அண்ணனின் கம்பளித்தோல் கடையில் உதவியாளர், கிராமப்பள்ளி ஆசிரியர் என்று பல வேலைகள் பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை. 1839-ல் லிவர்பூல் செல்லும் சரக்குக் கப்பலில் மாலுமியாக ஏறினார். திரும்பி வந்து மீண்டும் வேலை தேடி அலைந்தபின், 1841 ஜனவரியில் 'அகுஷ்னெட்' என்ற திமிங்கல வேட்டைக் கப்பலில் சேர்ந்தார். பின்னாளில் 'மோபி டிக்' நாவலின் கதைசொல்லியைக் கொண்டு, திமிங்கலக் கப்பலே தனக்கு யேல் கல்லூரியும் ஹார்வர்டும் என்று சொல்லவைத்தார். பல்கலைக்கழகம் காணாதவரின் வீம்பு அதில் உண்டு, உண்மையும் உண்டு.

கப்பல்களில் கழிந்த ஆண்டுகள்

1842 ஜூலையில் பசிபிக் கடலில் மார்க்கேசஸ் தீவுக்கூட்டத்தின் நுகு ஹிவா தீவில், டோபி கிரீன் என்ற தோழருடன் மெல்வில் கப்பலைவிட்டு ஓடினார். அங்கு டைப்பி பழங்குடியினரிடையே ஏறத்தாழ ஒரு மாதம் வாழ்ந்தார். பிறகு வேறொரு திமிங்கலக் கப்பலில் ஏறினார். அதில் மாலுமிகள் வேலைசெய்ய மறுத்த விவகாரத்தில் டஹிட்டியில் காவலில் வைக்கப்பட்டார். ஹவாய் சென்றார். அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் சேர்ந்து 1844 அக்டோபரில் பாஸ்டன் வந்திறங்கினார். அப்போது வயது இருபத்தைந்து. அவருடைய புனைவின் கச்சாப்பொருளில் பெரும்பகுதி இந்த நான்கு ஆண்டுகளில் சேர்ந்தது.

முதல் நூல் 'டைப்பி' (1846) நன்றாக விற்றது. ஒரு மாதத்தை நான்கு மாதமாக நீட்டியிருந்தார். அது மெய்யான அனுபவம்தானா என்று லண்டன் பதிப்பாளருக்கே ஐயம் இருந்தது. தீவில் பிரிந்துபோன டோபி கிரீன் உயிரோடு வெளிப்பட்டு, நடந்தது உண்மையே என்று சாட்சி சொன்னார். கிறிஸ்தவ மிஷனரிகள் தீவுமக்களை நடத்திய விதம் பற்றி மெல்வில் எழுதியவை திருத்தப்பட்ட அமெரிக்கப் பதிப்பில் வெட்டப்பட்டன. தொடர்ந்து 'ஓமூ' (1847), 'மார்டி' (1849), 'ரெட்பர்ன்' (1849), 'வைட் ஜாக்கெட்' (1850) ஆகியவை வெளிவந்தன. இவற்றில் 'மார்டி' கடற்பயணக் கதையாகத் தொடங்கி பாதியில் தத்துவ உருவகமாக மாறிவிடுவது. இன்று வாசிக்கையிலும் அலுப்பூட்டுகிறது. ஆனால் தென்கடல் சாகசக்காரர் என்ற பெயரோடு நிறைவடைய மெல்விலுக்கு மனமில்லை என்பதை முதலில் காட்டிய நூல் அதுதான்.

1847-ல் மாசசூசெட்ஸ் மாநிலத் தலைமை நீதிபதி லெமுவல் ஷாவின் மகள் எலிசபெத்தை மணந்தார். 1850-ல் பிட்ஸ்ஃபீல்ட் ஊரில் பண்ணைவீடு ஒன்றை வாங்கி அதற்கு 'ஆரோஹெட்' என்று பெயரிட்டார். அருகே லெனாக்ஸ் ஊரில் நாவலாசிரியர் நத்தானியல் ஹாத்தார்ன் குடியிருந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு மலையேற்றத்தில் தொடங்கிய நட்பு மெல்விலை மிகவும் பாதித்தது. 'மோபி டிக்' ஹாத்தார்னுக்கே காணிக்கையாக்கப்பட்டது.

மோபி டிக்

வெள்ளைத் திமிங்கலம் ஒன்றிடம் காலை இழந்த கேப்டன் ஆஹாப், அதைப் பழிவாங்க 'பீக்வாட்' கப்பலையும் அதன் மாலுமிகளையும் உலகக் கடல்களெங்கும் இழுத்துச் செல்கிறான். இறுதியில் கப்பலே மூழ்குகிறது. கதையைச் சொல்லும் இஷ்மேல் மட்டும் பிழைக்கிறான். 1820-ல் 'எசெக்ஸ்' என்ற கப்பலைத் திமிங்கலம் மோதி மூழ்கடித்ததும், அதில் பிழைத்த ஓவன் சேஸ் எழுதிய குறிப்பும் மெல்விலுக்குத் தெரியும். 'மோச்சா டிக்' என்ற வெள்ளைத் திமிங்கலம் பற்றிய கட்டுரையும் 1839-ல் வெளிவந்திருந்தது.

கதைச்சுருக்கம் நான்கு வரியில் முடிந்துவிடும். நாவலோ 135 அத்தியாயங்களும் ஒரு பின்னுரையும் கொண்டது. அவற்றில் பல, கதையை நகர்த்தாதவை. திமிங்கலங்களின் வகைகள், அதன் தலை, வால், எலும்புக்கூடு, அதன் கொழுப்பை உரிக்கும் முறை, எண்ணெய் காய்ச்சும் அடுப்பு, ஈட்டி, கயிறு என்று தனித்தனி அத்தியாயங்கள். சிறுவர்களுக்கான சுருக்கப் பதிப்புகளும் மாணவர்களுக்கான சுருக்கங்களும் முதலில் கைவைப்பது இவற்றின்மீதுதான். 'திமிங்கல அத்தியாயங்களைத் தாண்டிவிட்டுக் கதையை மட்டும் படிக்கலாம்' என்ற அறிவுரையும் பரவலாக உண்டு. அந்த அறிவுரை தவறானது. அதைக் காட்ட நாவலிலிருந்து ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் போதும்: கயிறு.

அறுபதாம் அத்தியாயம் முழுக்க வேட்டைக்கயிற்றைப் பற்றியது. கயிறு முன்பு சணலால் ஆனது, இப்போது மணிலா நாரால் ஆனது. அங்குலத்தில் மூன்றில் இரண்டு பங்கு பருமன். நீளம் 200 பாகத்துக்கு மேல், அதாவது ஏறத்தாழ 365 மீட்டர். படகின் பின்பகுதியில் உள்ள மரத்தொட்டியில் சிக்கலில்லாமல் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து கட்டையொன்றைச் சுற்றி, துடுப்புகளின் கைப்பிடிகள்மேல், உட்கார்ந்திருக்கும் ஆட்களின் நடுவே படகின் முனைவரை ஓடும். ஈட்டி பாய்ந்ததும் திமிங்கலம் ஓடத் தொடங்கும். அப்போது கயிறு புகையெழும் வேகத்தில் படகைவிட்டு வெளியேறும். அதன் ஒரு சுருளில் கையோ கழுத்தோ அகப்பட்டால் ஆள் போய்விடுவான். இதையெல்லாம் ஒரு கைவினைஞன் பயிற்சியாளனுக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொல்லிவிட்டு, அத்தியாயத்தின் கடைசியில், மனிதர் அனைவருமே பிறந்தது முதல் இத்தகைய கயிற்றின் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முடிக்கிறார். அந்த முடிவு வெறும் தத்துவமாகத் தெரியாததற்குக் காரணம், அதற்கு முன் தரப்பட்ட அளவுகளும் பருமனும்.

எழுபத்திரண்டாம் அத்தியாயத்தில் கயிறு திரும்ப வருகிறது. கொல்லப்பட்ட திமிங்கலம் கப்பலின் பக்கவாட்டில் கட்டப்பட்டிருக்கிறது. அதன் வழுக்கும் உடல்மேல் நின்று வேலைசெய்கிறான் தென்கடல் தீவினனான குவீக்வெக். கீழே சுறாக்கள். குவீக்வெக்கின் இடுப்புப் பட்டையிலிருந்து ஒரு கயிறு மேலே நிற்கும் இஷ்மேலின் இடுப்புக்குச் செல்கிறது. அவன் மூழ்கினால் இவனும் மூழ்கவேண்டும். முகமெல்லாம் பச்சைகுத்திய வேற்றுச் சமயத்தவனும் நியூயார்க் வெள்ளையனும் ஒட்டிப்பிறந்த இரட்டையராகிவிடுகிறார்கள். அடிமைமுறை சட்டமாக இருந்த நாட்டில், 1851-ல் எழுதப்பட்ட காட்சி இது. வேறு கப்பல்களில் இருவரையும் இப்படிச் சேர்த்துக் கட்டும் வழக்கமில்லை, பீக்வாட்டில் மட்டுமே உண்டு என்று ஒரு அடிக்குறிப்பும் போடுகிறார் மெல்வில். தன் கற்பனைக்கும் தொழில்முறைச் சான்று கொடுக்கும் குறும்பு அது.

எண்பத்தேழாம் அத்தியாயத்தில் கப்பல் சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் இடையிலான சுண்டா நீரிணையைக் கடந்து பெரும் திமிங்கலக் கூட்டத்தை எதிர்கொள்கிறது. கூட்டத்தின் நடுவே அமைதியான நீர்ப்பரப்பு. அங்கே தாய்த் திமிங்கலங்கள் குட்டிகளுக்குப் பால் கொடுக்கின்றன. நீருக்குள் ஒரு நீண்ட கயிறு தெரிகிறது. அது தாயையும் குட்டியையும் இணைக்கும் தொப்புள்கொடி. வேட்டையின்போது சில சமயம் இந்தக் கொடியும் வேட்டைக்கயிறும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதுண்டு என்ற செய்தியை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார். கயிறு எப்படி வேலைசெய்யும் என்று ஏற்கனவே அறிந்த வாசகர் அந்த வரியில் நின்றுவிடுவார்.

கடைசி அத்தியாயத்தில் ஆஹாப் ஈட்டியை எறிகிறான். கயிறு சிக்குகிறது. குனிந்து அதை விடுவிக்கிறான். விடுபட்ட சுருள் அவன் கழுத்தில் விழுந்து, படகிலிருப்போர் உணர்வதற்குமுன் அவனைக் கடலுக்குள் இழுத்துச் சென்றுவிடுகிறது. நாவல் முழுக்க முழங்கிய ஒருவனின் சாவு இரண்டு வாக்கியங்களில் சத்தமின்றி முடிகிறது. அறுபதாம் அத்தியாயத்தைத் தாண்டிவந்தவருக்கு இது அவசரமாக முடிக்கப்பட்ட தற்செயல் விபத்தாகத் தெரியும். படித்தவருக்கு விளக்கம் தேவைப்படாது. எழுபத்தைந்து அத்தியாயங்களுக்கு முன்பே எல்லா விளக்கமும் தரப்பட்டுவிட்டது. சுருக்கப் பதிப்பு பக்கங்களை மட்டுமல்ல, ஆஹாபின் மரணத்தையே வாசகரிடமிருந்து எடுத்துவிடுகிறது.

அறிதலும் ஐயமும்

மெல்விலின் தகவல்கள் அறிவியல் நூலின் தகவல்கள் அல்ல. முப்பத்திரண்டாம் அத்தியாயத்தில் திமிங்கலங்களைப் புத்தக அளவுகளைக் கொண்டு பெரியவை, நடுத்தரமானவை, சிறியவை என்று வகைப்படுத்துகிறார் இஷ்மேல். திமிங்கலம் பாலூட்டி என்று லின்னேயஸ் சொன்னது அவனுக்குத் தெரியும். ஆனாலும் அது மீன்தான் என்று பிடிவாதம் பிடிக்கிறான். இறுதியில் வகைப்பாடு முடியவில்லை, அக்காலத்தில் கட்டிமுடிக்கப்படாமல் நின்ற கொலோன் தேவாலயம்போல இதையும் விட்டுவிடுகிறேன் என்கிறான். திமிங்கலத்தை அளந்து, அறுத்து, காய்ச்சி, எலும்பை எண்ணி முடித்தபின்னும் அது என்னவென்று சொல்லமுடியவில்லை. இந்த இரட்டை அசைவுதான் மெல்விலின் நடை. ஒரு பொருளைப் பற்றி அறியக்கூடிய அனைத்தையும் சேர்ப்பது, சேர்த்தபின் அறியமுடியாமையின் முன் நிற்பது.

ஓவியங்களில் திமிங்கலம் எவ்வளவு தவறாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று பேசும் ஐம்பத்தைந்தாம் அத்தியாயத்தில் இந்தியாவும் வருகிறது. எலிபெண்டா குகையில் திருமாலின் மச்ச அவதாரம் செதுக்கப்பட்டிருப்பதாகக் குறிப்பிட்டு, அதன் வால் திமிங்கலத்தின் அகன்ற வாலைப்போல இல்லை, மலைப்பாம்பின் வாலைப்போல இருக்கிறது என்று குறைசொல்கிறான் இஷ்மேல். வேட்டைக்காரனின் கண்.

'வெள்ளைத் திமிங்கலம் எதைக் குறிக்கிறது?' என்பது தேர்வுத்தாள்களில் ஓயாத கேள்வி. கடவுள், தீமை, இயற்கை என்று விடைகள் எழுதப்படுகின்றன. தொண்ணூற்றொன்பதாம் அத்தியாயத்தில் மெல்வில் இதற்கு முன்கூட்டியே பதில் தந்திருக்கிறார். பாய்மரத்தில் ஆணியடித்து வைக்கப்பட்ட ஒரு தங்க நாணயத்தை ஒவ்வொருவராக வந்து பார்க்கிறார்கள். ஆஹாப் அதில் தன்னையே காண்கிறான். பக்தனான ஸ்டார்பக் சமயத்தைக் காண்கிறான். இன்னொருவன் அதில் எத்தனை சுருட்டு வாங்கலாம் என்று கணக்கிடுகிறான். ஒரே விடையைத் தேடும் விமர்சகரும் அந்த வரிசையில் நிற்பவர்தான்.

மொழியைப் பொறுத்தவரை, ஆங்கில பைபிளும் ஷேக்ஸ்பியரும் மெல்விலின் இரு ஊற்றுகள். ஷேக்ஸ்பியரை 1849-ல்தான் ஆழ்ந்து படித்தார். ஆஹாபின் தனிமொழிகளிலும், மேடைக்குறிப்புகளோடு நாடகமாகவே எழுதப்பட்ட சில அத்தியாயங்களிலும் அந்த வாசிப்பின் சூடு தெரிகிறது. பெயர்கள் பைபிளிலிருந்து வந்தவை. தமிழ் பைபிளின் இஸ்மவேல், ஆகாப், எலியா, ராகேல் ஆகியோரே இங்கே இஷ்மேல், ஆஹாப், எலைஜா, ரேச்சல். ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுபவள் என்பதை அறிந்தவருக்கு, காணாமல்போன மகனைத் தேடி அலையும் கேப்டனின் கப்பலுக்கு ஏன் அந்தப் பெயர் என்பதும், அக்கப்பலே இஷ்மேலைக் கடலிலிருந்து மீட்பது ஏன் என்பதும் விளங்கும்.

குறைகளும் உண்டு. புல்கிங்டன் என்ற மாலுமி பெரும் எதிர்பார்ப்போடு அறிமுகமாகி, ஒரு சிறிய அத்தியாயத்தோடு கைவிடப்படுகிறான். தன் அறையில் ஆஹாப் தனியே பேசுவது இஷ்மேலுக்கு எப்படிக் கேட்டது என்பதற்கு விடையில்லை. பெண்கள் ஏறக்குறைய இல்லை. சொற்பெருக்கு சில இடங்களில் பொருளை மீறி வழிகிறது. இவற்றை மேதைமையின் பகுதி என்று நியாயப்படுத்தும் விமர்சனங்களை ஏற்கவேண்டியதில்லை.

வரவேற்பும் வீழ்ச்சியும்

நாவல் 1851 அக்டோபரில் லண்டனில் 'தி வேல்' என்ற பெயரில் மூன்று தொகுதிகளாகவும், நவம்பரில் நியூயார்க்கில் ஒரே நூலாகவும் வெளிவந்தது. லண்டன் பதிப்பில் பின்னுரை இல்லை. இஷ்மேல் பிழைத்ததைச் சொல்லும் பகுதி அதுதான். எல்லோரும் இறந்துவிட்டால் கதையை யார் சொன்னது என்று ஆங்கில மதிப்புரையாளர்கள் கேட்டார்கள். அவர்கள் கையிலிருந்த நூலைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்வி. முழுநூல் கிடைத்த அமெரிக்காவிலும் சில இதழ்கள் லண்டன் கண்டனங்களையே எடுத்துப் போட்டன. மெல்விலின் வாழ்நாளில் அமெரிக்கப் பதிப்பு ஏறத்தாழ 3,200 பிரதிகள்தான் விற்றது. 1853 இறுதியில் ஹார்ப்பர் பதிப்பகத்தில் நடந்த தீவிபத்தில் விற்காத பிரதிகள் பலவும் எரிந்துபோயின.

அடுத்து வந்த 'பியர்' (1852) மிகையுணர்ச்சி மொழியில் எழுதப்பட்டது. அது மெல்விலின் பெயரை மேலும் கெடுத்தது. ஆனால் இந்த வீழ்ச்சிக் காலத்தில்தான், பத்திரிகைக்கூலிக்காக எழுதிய குறுநாவல்களில், அவருடைய நடை இறுக்கம் பெற்றது. 'பார்ட்டில்பி' 1853-ல் 'புட்னம்ஸ்' மாத இதழில் ஆசிரியர் பெயரின்றி இரு பகுதிகளாக வந்தது. வால் தெருவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகம். சன்னல்களைத் திறந்தால் சுவர். ஆவணங்களை நகலெடுப்பதும், நகலை மூலத்தோடு வரிவரியாக ஒப்பிடுவதும் வேலை. ஒருநாள் பார்ட்டில்பி என்ற எழுத்தர் ஒப்பிடச் சொன்னபோது, அதைச் செய்ய விருப்பப்படவில்லை என்று பணிவாகச் சொல்கிறார். மறுப்பு மெல்ல எல்லா வேலைக்கும் பரவுகிறது. கடைசியில் உண்பதற்கும். மெல்விலின் சகோதரர்கள் வழக்கறிஞர்கள். அந்த அலுவலக நடைமுறைகள் அவர் நேரில் அறிந்தவை. கயிற்றைப்போலவே இங்கும் தொழில் துல்லியமாக உள்ளது. அதன் நடுவில் இருக்கும் மனிதன் மட்டும் கடைசிவரை பிடிபடுவதில்லை.

'பெனிட்டோ செரினோ' (1855) இன்னும் துணிச்சலானது. அமாசா டெலானோ என்ற கேப்டன் எழுதிய மெய்யான பயணநூலை ஆதாரமாகக் கொண்டது. ஸ்பானியக் கப்பலொன்றில் அடிமைகள் கலகம்செய்து கப்பலைக் கைப்பற்றியிருக்கிறார்கள். உதவிக்கு வரும் அமெரிக்கக் கேப்டனின் முன்பு அடிமைகளாகவே நடிக்கிறார்கள். கறுப்பர்கள் பிறவியிலேயே பணியாளர்கள் என்று நம்பும் டெலானோவுக்குக் கண்முன் நடப்பது தெரிவதில்லை. பாபோ என்ற 'பணியாள்' தன் எசமானுக்குச் சவரம் செய்யும் காட்சியில், கத்தி யார் கழுத்தில் இருக்கிறது என்பதை வாசகரும் பிறகுதான் உணர்கிறார். பின்னர் நீதிமன்ற வாக்குமூலம் பக்கம்பக்கமாக வருகிறது. பிடிபட்ட பாபோ ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஆவணத்தில் அவன் தரப்பு இல்லவே இல்லை. மெல்விலின் மாமனார் ஷா 1851-ல் தப்பியோடிய அடிமையான தாமஸ் சிம்ஸை விடுவிக்க மறுத்த நீதிபதி என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

சுங்க ஆய்வாளர்

1857-க்குப் பிறகு மெல்வில் வாழ்நாளில் நாவல் எதையும் வெளியிடவில்லை. 1866 டிசம்பரில் நியூயார்க் துறைமுகத்தில் சுங்க ஆய்வாளராகச் சேர்ந்தார். நாளுக்கு நான்கு டாலர் சம்பளம். பத்தொன்பது ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தார். வேலையில் சேர்ந்த மறு ஆண்டே மூத்த மகன் மால்கம் பதினெட்டு வயதில் துப்பாக்கிக்குண்டால் இறந்தான். இரண்டாவது மகன் ஸ்டான்விக்ஸ் 1886-ல் இறந்தான். உள்நாட்டுப் போர் பற்றிய கவிதைகளை 1866-லும், எருசலேம் பயணத்தைப் பொருளாகக் கொண்டு ஏறத்தாழ 18,000 வரிகள் கொண்ட 'கிளாரல்' என்ற நெடுங்கவிதையை 1876-லும் வெளியிட்டார். கடைசி இரண்டு கவிதைத் தொகுதிகள் தலா 25 பிரதிகள் மட்டுமே அச்சிடப்பட்டன. 1891 செப்டம்பர் 28 அன்று நியூயார்க்கில் மறைந்தார்.

மீட்பு

1919-ல் மெல்விலின் நூற்றாண்டையொட்டி ஆய்வாளர் ரேமண்ட் வீவர் அவருடைய பேத்தியிடமிருந்த கையெழுத்துப்படிகளைக் கண்டார். 1921-ல் முதல் முழு வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். 1923-ல் டி.எச். லாரன்ஸ் எழுதிய அமெரிக்க இலக்கிய நூல் மெல்விலுக்கு இரு கட்டுரைகளை ஒதுக்கியது. டிரினிடாடைச் சேர்ந்த சி.எல்.ஆர். ஜேம்ஸ், குடியேற்றச் சட்டத்தின்கீழ் எல்லிஸ் தீவில் அடைக்கப்பட்டிருந்தபோது மெல்வில் பற்றிய நூலொன்றை எழுதினார். ஆஹாபைவிட பல தேசத்து மாலுமிகளே நாவலின் நாயகர்கள் என்பது அவருடைய வாசிப்பு. ஆஹாபின் முழக்கத்திலேயே மயங்கிநின்ற பழைய விமர்சனங்களுக்கு இது நல்ல மாற்று.

வீவர் கண்டெடுத்தவற்றில் 'பில்லி பட்' என்ற முடிவுபெறாத குறுநாவலும் இருந்தது. 1924-ல் அச்சேறிய அதன் நம்பகமான பாடம் 1962-ல்தான் வெளிவந்தது. கடற்படைக் கப்பலில் பொய்க்குற்றம் சாட்டப்பட்ட இளம் மாலுமி, திக்குவாயால் பேசமுடியாமல் குற்றம்சாட்டியவரை அடித்துவிடுகிறான். அடிபட்டவர் இறக்கிறார். மாலுமி தூக்கிலிடப்படுகிறான். கதை அங்கே முடிவதில்லை. சில வாரங்கள் கழித்து ஒரு கடற்படைச் செய்தித்தாள், பில்லியைக் கலகக்காரன் என்றும் இறந்த அதிகாரியை நாட்டுப்பற்றாளர் என்றும் எழுதிய செய்தி தரப்படுகிறது. அதற்குப் பின், உடன்பணியாற்றிய மாலுமி ஒருவர் பில்லியைப் பற்றிக் கட்டிய பாடல் வருகிறது. அந்தப் பாடலிலிருந்தே கதை வளர்ந்தது. தூக்குக்கு முந்தைய இரவில் விலங்கிடப்பட்டுக் கிடக்கும் ஒரு மாலுமியைப் பற்றி மெல்வில் 1886 அளவில் ஒரு கவிதை எழுதி, அதற்கு உரைநடையில் சிறு முன்குறிப்பு சேர்த்தார். ஐந்தாண்டுகளில் முன்குறிப்பு குறுநாவலாகப் பெருத்தது. கவிதை அதன் கடைசிப் பக்கமாக நின்றுவிட்டது.